மூன்று நல்லது, மூன்று குறை

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்த மனிதர் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, என் மகனிடம் உள்ள மூன்று நல்லதையும் மூன்று குறையையும் சொல்லச் சொன்னார். நல்லது மூன்றும் எனக்கு மனப்பாடம். முதல்நாள் பின்னேரம் மகனே எனக்குச் சொல்லித் தந்திருந்தான். நான் சொன்னது குறைகளைத்தான்.

பிறகு நடந்ததெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தால் வந்தது என்பதை என் கணவர் ஒப்புக்கொள்வதில்லை. என்னைத் தேற்றப் பார்க்கிறார். எனக்குத் தேறுதல் வேண்டாம்.

மகன் அப்போது செஜெப்பில் கடைசி வருடம். உயர்பள்ளி முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகமுன் இங்கே படிக்கிற கல்லூரி அது. அந்தக் கல்லூரியின் ஃபுட்போல் அணிக்கு அவன்தான் குவாட்டர்பேக். காலால் உதைக்கிற ஃபுட்போல் அல்ல. தலையில் ஹெல்மெட்டும் தோளில் பெரிய கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஃபுட்போல். பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். முன்னால் ஓடுகிற தன் ஆட்களில் ஒருவனுக்கு அவன் அதை எறிய வேண்டும். எறிய விடாமல் அவனை விழுத்துவதற்கென்றே எதிர்ப்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அளவு.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற அக்கா ஒருமுறை என்னோடு பார்க்க வந்தார்.

"கையால எறியிறாங்கள், கையால பிடிக்கிறாங்கள். பேந்து ஏன் இதுக்கு ஃபுட்போல் எண்டு பேர்?"

"அடிபடுறதுதான் விளையாட்டு அக்கா. பந்து சும்மா பேருக்கு."

"அப்ப உம்மட மகன் பந்தைக் குடுத்திட்டு வந்து இருக்கலாமே!"

அக்கா பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

நான் பயந்த பிறவி. எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்த பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. படித்தவர்கள் இது நடக்கும், இது நடக்காது என்று கவலையைப் பிரித்து வைப்பார்கள். எனக்கு எல்லாமே நடக்கும். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு கார்டரியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். தொண்டையில் சிக்கிவிடும் என்று, இத்தனை வருடத்தில் ஒரு கொடிமுந்திரிகைப் பழத்தைக்கூட நீளவாக்கில் நாலாக வெட்டாமல் ஒரு பிள்ளையின் தட்டில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவளின் பிள்ளை தேடிப்பிடித்த விளையாட்டு இது.

ஆட்டத்தில் பந்தைப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. மகன் எறிந்ததும் எல்லோருடைய தலையும் பந்து போகிற பக்கம் திரும்பும். நான் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். விழுகிறானா? விழுந்தவன் எழும்புகிறானா? எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான்? மூன்று இலையுதிர்காலம் இப்படிப் பார்த்ததில், மற்றவர்களுக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கம் ஓடிக்கொண்டு எறிந்தால் பந்து ஆளின் கைக்குள் போய் இருக்கும். இடப்பக்கம் எறியும்போது மட்டும் முன்கால் கொஞ்சம் வெளியே பிசகும். பந்து ஆளின் தலைக்கு மேலால் போய்விடும். முதல் ஆளை எதிராளிகள் மறித்துவிட்டால் இரண்டாவது ஆளைத் தேடுவான். மூன்றாவது ஆள் தனியே நின்று கையாட்டினாலும் அவனைப் பார்க்கமாட்டான். பந்தைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு தானே ஓடத் தொடங்குவான்.

இன்னொன்று. எறியப்போகிற முறை மட்டும், இடுப்பில் தொங்குகிற துவாயில் கையைத் துடைப்பான். பந்தைப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கொடுக்கப்போகிறான் என்றால் துடைக்கமாட்டான். எதிராளிகள் ஒரு நாள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நித்திரையில்லாமல் யோசித்து, கடைசியில் அவனிடமே சொன்னேன்.

"அம்மா, நாலு கோச்மார் இருந்து வீடியோ பாக்கினம். அவை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை."

"அவை உன்னைப் பெத்தவையோ?"

சிரித்தான். ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்தான். அன்றைக்கு நான் வெறும் வங்கில் இருந்து தனியே சிரித்தேன்.

அவனிடம் உள்ள பெரிய பலம் என்று பயிற்சியாளர்கள் எல்லோரும் சொன்னது வேறொன்று. அடிக்க ஆள் வருவது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காலை அசைக்கமாட்டான். தன் ஆள் ஓடி உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நின்று, கடைசிக் கணத்தில் எறிந்துவிட்டு, அந்த அடியை வாங்குவான். எழும்பி வந்து ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் அதே இடத்தில் நிற்பான். அதற்குத்தான் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் தட்டியதில்லை. கார் வருவதைக் கண்டும் ரோட்டை விட்டு விலகாத பிள்ளையை எந்தத் தாய் மெச்சுவாள்?

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் நடந்த ஓர் ஆட்டத்தில் அப்படி நின்று வாங்கிய அடியோடு கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பிறகு எழும்பி நடந்து வந்தான், என்னோடு கதைத்தான். திரும்பி வரும்போது மஞ்சள் மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்டான்:

"அம்மா, நாங்கள் வெண்டனாங்களோ?"

"ஓம் தம்பி. நீதானே கடைசிப் பந்து எறிஞ்சனீ."

ரயில் ஆற்றுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அடுத்த நிலையம் வரமுன் திரும்பவும் கேட்டான்: "நாங்கள் வெண்டனாங்களோ?"

மூளை கலங்கியிருக்கிறது என்று டொக்டர் மூன்று கிழமை விளையாட விடவில்லை. நாலாவது கிழமை திரும்பிப் போனான். அந்த மூன்று கிழமையும்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பனி கொட்டிய அந்த மாரியில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறார் என்ற செய்தி வந்தது. தங்கள் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறவர். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சந்திப்பது அவருடைய வழக்கமாம். மகனுக்கு அந்தப் பல்கலைக்கழகம்தான் வேண்டும். விசாரித்த வேறு இரண்டு இடங்களுக்கும், காத்திருக்க வேண்டாம் என்று அவன் மறுமொழி சொல்லிவிட்டிருந்தான். அவர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் குசினிக்குள் வந்து, அவருக்குக் கொடுக்க நான் கறி உள்ளே வைத்து ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்க, எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான்.

"அம்மா, அவர் கட்டாயம் கேப்பார். மூண்டு நல்லது, மூண்டு குறை. எல்லா வீட்டிலயும் அதுதானாம் கேக்கிறவர்."

"உன்ர கோச்மாரைக் கேக்கட்டுமன்."

"அவையைக் கேட்டிட்டார். வீட்டில தாய் தகப்பனுக்குத் தெரியிறது கோச்மாருக்குத் தெரியாதாம். சொல்லுங்கோ பாப்பம், முதலாவது?"

"விடிய அஞ்சு மணிக்கு ஒருத்தரும் எழுப்பாமல் எழும்பி எக்சர்சைஸ் செய்வான்."

"ரெண்டாவது?"

"தோத்தாலும் மற்றப் பொடியன்மாரில பிழை சொல்லமாட்டான்."

"மூண்டாவது?"

நான் ரோல்ஸின் ஓரத்தை மடித்தேன்.

"அடிக்க வந்தாலும் நிண்டு எறிவான். சொல்லுங்கோ அம்மா. அதுதான் முக்கியம். மற்ற ரெண்டையும் மறந்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் சொல்லிவிடுங்கோ."

"நிண்டு எறிவான்."

"சரி."

"குறைக்கு என்ன சொல்லுறது?"

"குறையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேணுமோ?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் வந்தது சனிக்கிழமை காலை. கணவருக்குச் சனிக்கிழமைகளில் புவாண்ட்-கிளேரில் வெயார்ஹவுஸ் வேலை. பெற்றோரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேட்டிருந்ததால் மகனும் வெளியே போய்விட்டான். நானும் அந்த மனிதரும்தான். பனிச் சப்பாத்தை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். நாலாவதை வைத்தேன், அதையும் சாப்பிட்டார். நல்ல மனிதர். அவரைத் திட்ட எனக்கு ஒரு காரணமும் இல்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

"உங்கள் மகன் அருமையான பிள்ளை, மடாம்" என்று பிரெஞ்சில் தொடங்கினார்.

என் வாய் தன்பாட்டில் திறந்தது. "இல்லை, இல்லை. வீட்டில் சரியான சோம்பேறி" என்றேன். கார்டரிக் குசினியில் பழகிய பிரெஞ்சு, இதற்குக் காணும்.

எங்கள் ஆட்களிடம் பிள்ளையை யாராவது புகழ்ந்தால் பெற்றவள் மறுக்க வேண்டும். கண்ணூறு நாவூறு பட்டுவிடும் என்ற பயம் பாதி, பெருமை பேசுகிறாள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் மீதி. மேல்மாடி அக்காவிடம், "எங்க அக்கா அவன் படிக்கிறான்" என்று நான் இழுத்தால், "சும்மா விடும், இப்பிடி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்" என்று அவர் தூக்கிப் பிடிப்பார். அவருடைய மகளை அவர் இறக்கினால் நான் ஏற்றுவேன். ஒருத்தி இறக்க ஒருத்தி ஏற்ற, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை மெச்சி முடிப்போம்.

அந்த மனிதருக்குத் தன் பங்கு தெரியாது. அவர் ஏற்றவில்லை. மடியில் கொப்பியை விரித்து எழுதினார்.

எழுதிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் குறையிலிருந்து தொடங்கினேன், அதுதான் மரியாதை என்று நினைத்து. இடப்பக்கம் எறியும்போது முன்கால் பிசகுகிறது என்றேன். மூன்றாவது ஆளைப் பார்ப்பதில்லை என்றேன். அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் ஆட்டத்தை இவ்வளவு கவனிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை, மடாம். எங்கள் ஆட்கள் வீடியோவில் பார்த்து எழுதியதும் இதுவேதான்."

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒருவர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் இங்கே எழுத வேண்டும். அதற்குப் பிறகு நான் சொல்லப்போகிற எதையும் அவர் நம்புவார் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"மூன்றாவது குறை?" என்றார்.

"ஆட்டம் இருக்கிற நாள் காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பான்" என்றேன்.

"ஒவ்வொரு முறையுமா?"

"ஒவ்வொரு முறையும்."

அது உண்மை. சத்தி எடுப்பான், வாயைக் கொப்பளிப்பான், பையைத் தூக்கிக்கொண்டு போய் அடி விழுகிற இடத்தில் நிற்பான். அவன் உடம்பு அப்படி. அது பயமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பயம் எப்படி இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"பயத்தினாலா?" என்று அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்.

நாவூறு, பழக்கம், மரியாதை என்று நான் மேலே சொன்ன ஒன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் நேரம் இருந்தது. மஞ்சள் மெட்ரோவில் அவன் இரண்டாம் முறை கேட்ட கேள்வி என் காதில் கேட்டது. ஒரு சொல் போதும், இனி அவன் அந்த இடத்தில் நிற்க வேண்டி வராது என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன். "பயந்த பிள்ளை."

எழுதிக்கொண்டார். நல்லது மூன்றையும் கேட்டார். "நல்ல பிள்ளை" என்றேன். மற்ற இரண்டுக்கும் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவருடைய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன்.

அவர் போன கையோடு மகன் வந்தான். சப்பாத்தைக் கழற்றமுன்னே கேட்டான்.

"மூண்டாவதைச் சொன்னீங்களோ அம்மா?"

"ஓம்."

"என்ன சொன்னார்?"

"எழுதினார்."

மிச்சம் இருந்த ரோல்ஸை ஆறினபடியே, நின்றுகொண்டே சாப்பிட்டான். அவ்வளவு சந்தோசமாக அவன் சாப்பிட்டதைப் பிறகு நான் காணவில்லை.

மூன்று கிழமை கழித்து அவனைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவன் ஜாக்கெட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றான்.

"அம்மா, நான் பயந்தவன் எண்டு சொன்னீங்களோ?"

நான் அடுப்பை நிறுத்தினேன்.

"எனக்கு அங்க இடம் இருக்காம். குவாட்டர்பேக்கா இல்லை. டிஃபென்ஸில விளையாடட்டாம். பந்தோட ஓடிவாறவனை மோதி விழுத்திற ஆள்."

"மோதிறதோ? நீயோ?"

"ஓம். ஒவ்வொரு முறையும்."

"பயந்த பிள்ளையை ஏன் கொண்டுபோய் மோதிற இடத்தில விடுகினம்?"

"அங்க யோசிக்கத் தேவையில்லையாம். பயந்தா யோசிக்க ஏலாதாம். எனக்கு ஓட்டமும் பலமும் இருக்கெண்டபடியால் அது காணுமாம்." குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு ஆட்டம் நல்லாத் தெரியும் எண்டார். என்ர கால் பிசகிறதுகூடச் சரியாச் சொன்னீங்களாம்."

"நான் போய்ச் சொல்லுறன் தம்பி."

"இனி என்னத்தைச் சொல்லப்போறியள்?"

அவன் மறுமொழி சொல்லிவிட்ட இரண்டு இடங்களிலும் அதற்குள் வேறு பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் தந்த கடுதாசியில் மகன் கையெழுத்து வைத்தான். கணவர் வேலையால் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்கள் முதலே முடிவெடுத்திட்டாங்கள். எங்கட நிறத்தில ஒரு பொடியன் அந்த இடத்தில நிக்கிறதை நீர் எங்கயாவது கண்டனீரோ?"

அப்படியும் இருக்கலாம். மறுக்க அவர்களுக்கு ஒரு சாட்டுத்தான் வேண்டியிருந்ததோ என்னவோ. அப்படியென்றால் அதை ரோல்ஸோடு சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தவள் நான்.

மகன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் போனேன். கார்டரியில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, மெட்ரோ எடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கட்டடத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த மனிதர் என்னை மறக்கவில்லை. ரோல்ஸைப் பற்றிக்கூடக் கேட்டார். நான் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, குசினியில் பாடமாக்கிய மூன்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அஞ்சு மணிக்கு எழும்புவான். மற்றவர்களில் பிழை சொல்லமாட்டான். அடிக்க வந்தாலும் நின்று எறிவான். சத்தி எடுப்பது பயத்தால் அல்ல, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கொப்பியைத் திறக்கவில்லை.

"மடாம், எல்லாத் தாய்மாரும் என்னிடம் இப்படித்தான் சொல்வார்கள். முதல் தரமே உண்மையைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதற்காக நான் உங்களை மதிக்கிறேன்."

கதவுவரை வந்து வழியனுப்பினார்.

போன இலையுதிர்காலம் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆட்டத்துக்குப் போனேன். என் மகன் தடுக்கிறவர்களின் வரிசைக்குப் பின்னால் நின்றான். குவாட்டர்பேக்காக வேறொரு பிள்ளை. பந்து கிடைத்த எதிராளி ஒருவன் இடப்பக்கத்தால் தப்பி ஓடிவந்தான். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு நேரே ஓடிப்போய் அவனை மோதினான். அந்தச் சத்தம் மேல் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். எதிராளி முதலில் எழும்பினான். சனம் எழுந்து நின்று கை தட்டியது. முந்தியெல்லாம் அவனை அடிக்க வருகிறவர்களை எண்ணி, எத்தனை தரம் விழுவான் என்று கணக்குப் பார்ப்பேன். இப்போது ஓடிப்போய் விழுகிறவனே அவன். எண்ணி முடியவில்லை.

ஆட்டம் முடிந்து வேலியோரம் வந்தான். கழுத்தில் ஐஸ் கட்டிய பை. மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா விளையாடினனீ தம்பி" என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று பிரெஞ்சிலும் பலமாகச் சொன்னேன். "உன்னைப்போல ஒருத்தரும் நிக்கேல்லை."

"மெர்சி" என்றான். முன்னால் போகிற யாரோ ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் சொல்வோமே, அந்த மெர்சி.

"தலை நோகுதோ?"

"இல்லை அம்மா."

முகத்தைப் பார்த்தேன். முந்தியென்றால் அந்த "இல்லை" மெய்யா பொய்யா என்று அவன் கால் வைக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லடா என்று கேட்க எனக்கு வாயுமில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மற்றப் பொடியன்மாரோடு உள்ளே போய்விட்டான்.